பிள்ளை விஷயமாக முதல்முறை நீதிமன்றம் போகிறவர்களுக்கு

"கோர்ட் பக்கம் போனா பிள்ளைய ஹோம்ல போட்டுருவாங்களாமே, தம்பி?" இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓர் அம்மாயி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை. மருமகன் குடி. ஆறு வயதுப் பேத்தி அம்மாயியிடமும் பக்கத்து லயத்திலுமாக (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) மாறி மாறி வளர்கிறாள். யாரோ 1929 என்ற சிறுவர் பாதுகாப்புத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டார்கள். பொலிஸார் வந்து போனதிலிருந்து அம்மாயிக்குத் தூக்கமில்லை.

நான் சட்டத்தரணி இல்லை. இப்படியான குடும்பங்களோடு ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களுக்குத் துணையாகப் போய் வந்த அனுபவம் மட்டும்தான். புதிதாக நியமனம் பெற்ற முன்பள்ளி ஆசிரியை, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (குழந்தைக் காப்பகம்) வேலை பார்க்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், அண்ணன் பிள்ளையைப் பொறுப்பேற்கத் துணிந்த அத்தை என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் வழக்கின் நுணுக்கத்துக்கு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978 முதல் அதற்கென்றே இயங்குகிற அரச நிறுவனம் அது.

சிறுவர் நீதிமன்றம் எங்கே இருக்கிறது?

கொழும்புக்குப் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. சிறுவர் நீதிமன்றம் என்று தனிக் கட்டடமும் தனி நீதவானும் இருப்பது பத்தரமுல்லை, யாழ்ப்பாணம் போன்ற சில இடங்களில் மட்டும்தான். மற்ற ஊர்களில் அந்தந்தப் பகுதி நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாகவும் அமர்கிறது. ஹட்டனில் காலையில் கசிப்பு வழக்கு விசாரிக்கும் அதே நீதவான்தான் உங்கள் பிள்ளையின் விஷயத்தையும் கேட்பார். நுவரெலியா, பண்டாரவளை, வெலிமடை, பதுளை, நாவலப்பிட்டி எல்லாவற்றிலும் இதே கதைதான்.

ஆனால் அமர்கிற விதம் வேறு. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், திருத்தங்களோடு இன்னும் ஓடுகிறது. சாதாரண வழக்குகள் நடக்கிற நேரத்திலோ இடத்திலோ சிறுவர் வழக்கை எடுக்கக் கூடாது என்பது அதன் ஏற்பாடு. அதனால் சில இடங்களில் திறந்த மன்றம் முடிந்த பிறகும், சில இடங்களில் நீதவானின் அறைக்குள்ளும் கூப்பிடுவார்கள். சம்பந்தமில்லாத ஆட்கள் உள்ளே இருக்க முடியாது. பிள்ளையை அடையாளம் காட்டும் விதமாகப் பத்திரிகையில் எழுதவும் முடியாது. "ஊரே பார்க்குமே" என்று பயப்படுகிறவர்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சட்டத்தில் 14 வயதுக்குக் கீழ் 'சிறுவர்', 14 முதல் 16 வரை 'இளம் ஆள்' என்று பிரிவு இருந்தது. 16 தாண்டிய பிள்ளை நடுவில் தொங்கியது. 2022இல் வந்த திருத்தம் 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும் சிறுவர் ஆக்கியது. பழைய உத்தியோகத்தர்கள் சிலர் இன்னும் 16 என்றே பேசுவார்கள். அப்படிக் கேட்டால் மரியாதையாகத் திருத்துங்கள்.

எந்தப் பிள்ளை இந்த நீதிமன்றத்துக்கு உரியது?

பெரும்பாலோர் வழுக்கும் இடம் இது. ஏழ்மைக்காக மட்டும் ஒரு பிள்ளையை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியாது. தாய் வெளிநாடு போனதும் தானாகக் காரணமாகிவிடாது. சட்டம் முக்கியமாக இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. ஒன்று, பிள்ளைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லை, அல்லது இருந்தும் தகுதியாக, சரியாகக் கவனிக்கவில்லை. இரண்டு, அதனால் பிள்ளை ஒரு ஆபத்தில் இருக்கிறது: கெட்ட சகவாசத்தில் விழுகிறது, ஒழுக்க ரீதியான ஆபத்துக்கு உள்ளாகிறது, கட்டுக்கடங்காமல் போகிறது, உடம்புக்குக் கேடு வரும்படி துன்புறுத்தப்படுகிறது அல்லது கைவிடப்படுகிறது. இவை தவிர, சில குற்றங்களுக்கு இலக்கான பிள்ளை, தங்க இடமில்லாமல் அலைகிற பிள்ளை, பிச்சை எடுக்க வைக்கப்பட்ட பிள்ளை ஆகியோரும் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை' என்ற வகைக்குள் வருவார்கள்.

அம்மாயியின் கதையில் தாய் நாட்டில் இல்லை, தகப்பன் சரியில்லை. முதல் விஷயம் இருக்கிறது. ஆனால் பிள்ளை பாடசாலை போகிறது, சாப்பிடுகிறது, கிளினிக் கார்டில் நிறை ஒழுங்காக ஏறியிருக்கிறது. ஆபத்து என்ன? தகப்பன் குடித்துவிட்டு வந்து இரவில் கதவை உதைக்கிறான், அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயமில்லை. ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பிள்ளையை நகர்த்தாமல் தகப்பனை விலக்கி நிறுத்துகிற வழி. இந்த வித்தியாசத்தைத் தொடக்கத்திலேயே பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்தில் சொல்லத் தெரிந்தால் பல பிள்ளைகளின் கதை வேறு திசையில் போகும்.

இது வேறு கதவு

தாயும் தகப்பனும் பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்று இழுபறி என்றால் அது சிறுவர் நீதிமன்றத்தின் வேலை இல்லை. பிள்ளையின் கட்டுக்காவல் வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. தத்தெடுப்பும் அங்கேதான். அதற்கு 1941ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. தாபரிப்புப் பணம் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்பது. பிள்ளையை ஒருவர் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க மறுத்தால் ஆட்கொணர்வு மனு, அதற்கு மேல் நீதிமன்றங்கள்.

ஒரு குடும்பம் மாமியார் வீட்டுச் சண்டையைப் 'பிள்ளை கவனிக்கப்படவில்லை' என்ற முறைப்பாடாக மாற்றிக் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். ஆறு தவணை (வழக்குத் திகதி) போனார்கள். கடைசியில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொன்னார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாள் பேர் (நாள் சம்பளம்) போச்சு. பிள்ளை அந்த நாட்களில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தது. எந்தக் கதவு என்று முதலில் விசாரித்திருந்தால் அத்தனையும் மிஞ்சியிருக்கும்.

முதல் படி: யாரிடம் சொல்வது

நீங்களாக ஒரு மனு எழுதி நீதவானிடம் கொடுத்துப் பாதுகாப்பு வழக்கைத் தொடங்க முடியாது. பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவருவது பொலிஸாரோ அதற்கென அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரோ, நடைமுறையில் பெரும்பாலும் நன்னடத்தை உத்தியோகத்தரோதான். உங்கள் வேலை அவர்களை அடைவது.

அவசரம் என்றால் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்ல விரும்பாவிட்டால் சொல்லத் தேவையில்லை. ஆனால் தோட்டத்தின் பெயர், டிவிஷன் (நம் பேச்சில் 'கணக்கு'), லய இலக்கம், பக்கத்து அடையாளம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 'மேல் கணக்கு, கோயிலுக்குப் பக்கத்து லயம்' என்றால் கொழும்பில் இருப்பவருக்குப் புரியாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று டிவிஷன்கள் உள்ள தோட்டங்கள் இங்கே ஏராளம்.

அவசரம் இல்லை என்றால் பிரதேச செயலகம். அங்கே இரண்டு மூன்று உத்தியோகத்தர்கள் ஒரே மேசை வரிசையில் இருப்பார்கள், பெயர்கள் குழப்பும். சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் அதிகார சபையின் ஆள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ஆள். இவர்கள் இருவரும் நல்ல வழிகாட்டிகள். ஆனால் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிறவர் நன்னடத்தை உத்தியோகத்தர். அவர் மாகாண சபையின் கீழ் வருகிறவர், அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்றத்தை ஒட்டி இருக்கும். நுவரெலியா, கண்டி, மாத்தளை என்றால் மத்திய மாகாணம், பதுளை என்றால் ஊவா. பிள்ளை பண்டாரவளையில் அத்தையிடமும் பெற்றோர் தலவாக்கலையிலும் என்றால் இரண்டு மாகாணத் திணைக்களங்களுக்கிடையே கோப்பு நடக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்று முன்கூட்டியே எதிர்பாருங்கள்.

தோட்டத்து வெல்பெயார் ஒபிசரிடம் சொல்லிவிட்டோம், அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். சொல்லுங்கள், ஆனால் அது முறைப்பாடு ஆகாது. தோட்டத் தலைவர் பஞ்சாயத்து வைத்துத் தீர்ப்பதும் அப்படித்தான். பிள்ளைக்கு அடிபட்டிருந்தால், அதைவிட மோசமாக ஏதாவது நடந்திருந்தால், பஞ்சாயத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. நேரே ஆஸ்பத்திரி. அங்கே சட்ட வைத்திய அதிகாரியும் ஆஸ்பத்திரிப் பொலிஸும் தங்கள் பாட்டில் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வார்டே பிள்ளைக்குத் தற்காலிகப் பாதுகாப்பு இடமாகவும் ஆகும்.

இரண்டாம் படி: அறிக்கைக்கு முன்னால் நீங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நீதவான் உங்கள் லயத்துக்கு வரப் போவதில்லை. அவர் பார்ப்பது நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையை. பிள்ளை எப்படி வாழ்கிறது, யார் யார் உறவு, யார் பொறுப்பேற்கத் தயார், வீடு எப்படி, வருமானம் எப்படி என்று அதில் இருக்கும். நான் பார்த்தவரை பிள்ளைகள் இல்லத்துக்குப் போவது நீதவானின் கல்மனத்தால் அல்ல. அறிக்கையில் 'பொறுப்பேற்க உறவினர் எவரும் முன்வரவில்லை' என்ற வரி இருக்கும். உண்மையில் உறவினர் இருந்திருப்பார். உத்தியோகத்தர் வந்த நேரம் அவர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருப்பார். இல்லாவிட்டால் 'பெரிய ஆபீசர் வந்திருக்கார்' என்று பயந்து வெளியே வராமல் இருந்திருப்பார்.

சட்டம் 'தகுந்த ஆள்' என்று ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. உறவினராக இருக்கலாம், உறவில்லாதவராகவும் இருக்கலாம். பிள்ளையை அவரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த ஆளைக் கண்டுபிடித்து முன்னால் நிறுத்துவதுதான் குடும்பத்தின் முதல் வேலை. இல்லத்துக்குப் போன பிறகு பிள்ளையைத் திருப்பிக் கேட்பது நடக்காததல்ல, ஆனால் மேட்டில் வண்டி தள்ளுகிற வேலை.

ஆகவே உத்தியோகத்தர் தேடி வரும்வரை காத்திருக்காமல் நீங்களே அவருடைய அலுவலகத்துக்குப் போங்கள். அம்மாயிக்கு வயது எழுபது என்றால் தனியாக அவரை நிறுத்தாதீர்கள். 'அம்மாயியோடு ஒரே வீட்டில் சித்தியும் இருக்கிறார், அம்மாயிக்கு முடியாமல் போனால் சித்தி பார்ப்பார்' என்று இரண்டாவது ஆளையும் சேர்த்துச் சொல்லுங்கள். உத்தியோகத்தர்கள் முதியவர் பெயரைக் கண்டால் 'இன்னும் எத்தனை வருடம்' என்று கணக்குப் போடுவார்கள். அது தவறும் இல்லை.

லயக் காம்பரா சின்னது என்று வெட்கப்பட வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நாங்கள் எல்லோரும்தான் வளர்ந்தோம். ஆனால் பிள்ளை எங்கே படுக்கும், யாரோடு படுக்கும் என்று கேட்டால் தெளிவான பதில் இருக்கட்டும். பெண் பிள்ளை என்றால் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். வீட்டில் குடிக்கிறவர் யாரும் இருந்தால் மறைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அதன் பிறகு நீங்கள் சொன்ன உண்மைகளும் எடுபடாது.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கார்ட், பாடசாலை வரவு பற்றி அதிபரிடம் ஒரு கடிதம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடக் கடிதம், உங்கள் அடையாள அட்டை. தாய் வெளிநாட்டில் என்றால் அவர் பணம் அனுப்பிய துண்டுகள், பிள்ளையை யாரிடம் விட விரும்புகிறார் என்று அவர் எழுதியனுப்பிய கடிதம். தாயின் விருப்பம் தெரிந்தால் அறிக்கை எழுதுகிறவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

பெயர்ப் பிரச்சினை

மலையகத்தில் இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். அம்மாயியின் அடையாள அட்டையில் 'ராஜம்மா', தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) 'ராசம்மா', மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு மொழிபெயர்ப்பில் 'ராஜமா'. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. பேத்திக்கும் அம்மாயிக்கும் உறவு என்று காட்ட வேண்டுமானால் பேத்தியின் சான்றிதழில் மகளின் பெயர், மகளின் சான்றிதழில் அம்மாயியின் பெயர் என்று சங்கிலி பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் 'இந்த மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். சமாதான நீதவான் வேறு, நீதிமன்றத்தில் இருக்கும் நீதவான் வேறு. தோட்டத்தில் ஜே.பி. ஐயா என்று அழைப்பீர்களே, அவர்தான் முதலாமவர். ஒருமுறை ஒருவர் 'நீதவானே கையெழுத்துப் போட்டுட்டாரு, வழக்கு முடிஞ்சுது' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பிறப்பே பதியப்படாத பிள்ளை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் அன்றைக்கே பேச்சைத் தொடங்குங்கள். வழக்கு முடியும்வரை காத்திருந்தால் பாடசாலைக்குச் சேர்க்கும்போது மறுபடி அதே வாசலில் நிற்பீர்கள்.

விலாசமும் இதே குடும்பத்துத் தொல்லை. லயத்துக்குக் கடிதம் நேரே வருவதில்லை. தோட்ட ஆபீஸுக்கு வந்து ஒரு பெட்டியில் கிடக்கும். தவணைக்கான அறிவித்தல் வந்து, தவணை போய், இரண்டு வாரம் கழித்துப் பிள்ளை மடுவத்து ஆயா கொண்டுவந்து கொடுத்த கதை எனக்குத் தெரியும். கடிதத்தை நம்பாதீர்கள். நீதிமன்றத்தை விட்டு வெளியே வருமுன் அடுத்த திகதியையும் வழக்கு இலக்கத்தையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் உங்கள் தொலைபேசி இலக்கத்தோடு, உங்கள் போன் மலையில் எடுக்காது என்றால் கடைக்காரர் ஒருவரின் இலக்கத்தையும் கொடுங்கள்.

மொழி

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். எழுத ஆள் இல்லை என்று சொல்வார்கள், சிங்களத்தில் எழுதிவிட்டு 'சரிதானே' என்பார்கள். அப்படியானால் யாராவது தெரிந்தவரை வைத்து முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'அடித்தான்' என்று சொன்னது 'திட்டினான்' ஆகி, நீதிமன்றத்தில் வழக்கின் உருவமே மாறிப்போனதைக் கண்டிருக்கிறேன். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளவும் மறக்காதீர்கள்.

நீதிமன்றத்தில் நிலை இன்னும் தெளிவு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வழக்கில் தரப்பாக இருப்பவர் தமிழில் பங்கெடுக்கலாம், மன்றத்தின் மொழி புரியாதவருக்கு மொழிபெயர்ப்பை அரசே தர வேண்டும் என்று சொல்கிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக 1999இலேயே பிரகடனமானவை. ஆகவே மொழிபெயர்ப்புக் கேட்பது சலுகை கேட்பதாக ஆகாது. 'ஐயா, எனக்குச் சிங்களம் விளங்காது, தமிழில் சொல்லச் சொல்லுங்கள்' என்று கூண்டில் நின்றே சொல்லலாம். புரியாமல் தலையாட்டுவதுதான் ஆபத்து.

மூன்றாம் படி: தவணை நாள்

மஸ்கெலியாவிலிருந்தோ சாமிமலையிலிருந்தோ வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மண்சரிவுக் காலத்தில் பாதை மூடினால் உத்தியோகத்தருக்கு உடனே அழைத்துச் சொல்லுங்கள். வராமலே இருந்தால் 'அக்கறை இல்லை' என்று கோப்பில் விழும். பெற்றோர் உயிரோடு, எட்டும் தூரத்தில் இருந்தால் அவர்களையும் நீதிமன்றம் வரச் சொல்லும்.

பிள்ளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள். பிற்பகல்வரை காத்திருக்க நேரலாம். போனை அணைத்துவிடுங்கள். 'நல்லா இருக்கேன்னு சொல்லணும்' என்று பிள்ளைக்கு வசனம் சொல்லிக் கொடுக்காதீர்கள். நீதவான்கள் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர்கள், பாடமாக்கிய வசனம் உடனே தெரியும்.

அன்றைக்கே முடிவு வராது. முதல் தவணையில் பெரும்பாலும் பிள்ளை தற்காலிகமாக எங்கே இருப்பது, அறிக்கை எப்போது வருவது என்பது மட்டும்தான். அந்தத் தற்காலிக நாட்களுக்கே உறவினரிடம் விடும்படி கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் அதை உங்கள் வாயில் திணிக்க மாட்டார்கள்.

முடிவில் நீதவான் செய்யக்கூடியவை பல. பெற்றோரிடம் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன் என்று பிணைமுறி எழுதி வாங்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம், கூடியது 3 வருடம். தகுந்த ஆளிடம் ஒப்படைக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட அல்லது சான்றுபெற்ற பாடசாலைக்கு (பிள்ளையைத் தங்கவைக்கும் இடம்) அனுப்பலாம். மேற்பார்வையை மற்றொன்றோடு சேர்த்தும் கட்டளையிடலாம். அம்மாயி மாதிரிக் குடும்பத்துக்கு என் கணக்கில் பொருந்துவது தகுந்த ஆள் சேர்ந்த மேற்பார்வைதான். உத்தியோகத்தர் மாதம் ஒருமுறை வந்து போவது தொந்தரவாகத் தெரியும், ஆனால் குடிகார மருமகனுக்கு அந்த வருகையே ஒரு கடிவாளம்.

சில தனி விஷயங்கள், சுருக்கமாக

பிள்ளை அடங்கவில்லை என்று பெற்றோரே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் சட்டத்தில் வழி இருக்கிறது. மகனைப் 'பயம் காட்ட' என்று இதைச் செய்யாதீர்கள். நீதிமன்றம் பயம் காட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்புகிற இடமல்ல. கதவைத் திறந்துவிட்டால் உள்ளே என்ன நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

பிள்ளையே குற்றம் செய்ததாகச் சொன்னால்: 12 வயதுக்குக் கீழ் குற்றப் பொறுப்பே இல்லை. 12க்கும் 14க்கும் இடையில் பிள்ளைக்குப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் பார்ப்பார். 2018இல் வந்த மாற்றம் இது, அதற்கு முன் எல்லை 8. கொலை போன்ற பாரதூரமான குற்றங்கள் தவிர மற்றவை சிறுவர் நீதிமன்றத்தில். பெரியவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டினால் சாதாரண மன்றத்தில். தேயிலைக் கொழுந்து திருடியதாகப் பத்து வயதுப் பிள்ளையைத் தோட்டக் காவல்காரர் பொலிஸில் கொடுத்தால், அந்த வயதில் வழக்கே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பிள்ளைக்கு ஒருவன் தீங்கு செய்திருந்தால் இரண்டு வழக்குகள் ஓடும். குற்றவாளி மீதான வழக்கு நீதவான் முன் தொடங்கி, சட்டமா அதிபர் வழியாக மேல் நீதிமன்றத்துக்குப் போகும், வருடக் கணக்கில் போகும். பிள்ளை எங்கே இருப்பது என்பது தனிக் கோப்பு. முதலாவது முடியாதவரை பிள்ளை இல்லத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, பிள்ளை வருடக் கணக்கில் வீட்டை விட்டு விலகி நிற்பதுதான் நடக்கிறது. உறவினர் நகர்த்தாமல் அது நகராது.

கொழும்பில் வீட்டு வேலைக்கு விடப்பட்ட பிள்ளை மீட்கப்பட்டால் வழக்கு பொதுவாக மீட்ட இடத்து நீதிமன்றத்தில் தொடங்கும். வேலைக்கான ஆகக் குறைந்த வயது 2021 முதல் 16. அங்கிருந்து ஊர் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்பார்கள். உடனே உங்கள் ஊர் உத்தியோகத்தரைப் போய்ப் பார்த்து 'இப்படி ஒரு பிள்ளை, கொழும்பிலிருந்து கடிதம் வரும்' என்று சொல்லி வையுங்கள். தரகர் வந்து 'நான் பேசி எடுத்துத் தர்றேன்' என்றால் கதவைச் சாத்துங்கள்.

கட்டளை கிடைத்த பிறகு

நீதிமன்றப் பதிவாளரிடம் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். இரண்டு போட்டோ பிரதி எடுத்து ஒன்றைப் பாடசாலை அதிபருக்கும் ஒன்றைக் கிராம உத்தியோகத்தருக்கும் கொடுங்கள். தகப்பன் ஒருநாள் பாடசாலை வாசலில் வந்து 'என் பிள்ளை, கூட்டிட்டுப் போறேன்' என்று நிற்பான். அதிபருக்குக் கையில் தாள் இல்லாவிட்டால் என்ன செய்வார், பாவம்? வீட்டை மாற்றினால், பிள்ளையைப் பாடசாலை மாற்றினால், அம்மாயி படுக்கையில் விழுந்தால் உத்தியோகத்தருக்குத் தெரிவியுங்கள். நிலைமை மாறினால் கட்டளையை மாற்றித் தரும்படியும் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

பொகவந்தலாவை அம்மாயி இப்போதும் அந்தப் பிரதியைப் பொலித்தீன் பையில் சுற்றி, கிளினிக் கார்டோடு சேர்த்து அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார். எலிக்குப் பயந்தாம். நான் போனபோது எடுத்துக் காட்டி, அடுத்த தவணை என்றைக்கு என்று ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார்.